மடியில் ஒரு முழம்

பேச்சியம்மாளிடம் பூ வாங்குகிறவர்கள் ஒரு தடவையாவது அவள் தலையைப் பார்ப்பார்கள். மட்டாஞ்சேரி அரண்மனை மதிலை ஒட்டி, கறுப்புக் குடைக்குக் கீழே, மல்லியும் பிச்சியும் கூடையில் குவிந்து கிடக்க அவள் உட்கார்ந்திருப்பாள். நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. இடுப்பைத் தாண்டி விழும் கூந்தல்; நரை கலந்தும் அடர்த்தி குறையாத கூந்தல். அதில் மட்டும் ஒரு இதழ்கூட இருக்காது.

அவள் பங்குப் பூ அவள் மடியில் இருக்கும். காலையில் கட்டுகிற முதல் முழத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வாள். யாராவது விலை கேட்டால், "இது எனக்குள்ளது, வேற தாறேன்" என்பாள். சாயங்காலம் அது வாடி மஞ்சளாகிப் போயிருக்கும். படகு ஜெட்டிக்கு நடந்து போய் அதைக் காயல் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவாள். மறுநாள் மறுபடியும் முதல் முழம், மறுபடியும் மடி.

ஒரு பெண் பூவைத் தலையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்றால், அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யாரென்று கேட்கத் தோன்றும். கற்றுக்கொடுத்தது இந்த ஊர்தான்.

மட்டாஞ்சேரி ஒரு காலத்தில் ராஜதானி. கொச்சி ராஜாக்கள் இங்கேதான் பட்டம் ஏற்றார்கள். போர்ச்சுக்கீசியர்கள் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர்கள் பழுது பார்த்த அரண்மனை இன்னும் ஓட்டுக் கூரையோடு நிற்கிறது. உள்ளே ராஜா ஏறிப்போன பல்லக்கு இருக்கிறது, ராஜா இல்லை. அவர்கள் திருப்பூணித்துறைக்குப் போனார்கள். பிறகு ராஜ்யமே போயிற்று. திருவிதாங்கூரோடு கொச்சியைச் சேர்த்தபோது தலைநகரம் திருவனந்தபுரம் என்று முடிவாயிற்று; ஹைகோர்ட் மட்டும் எறணாகுளத்துக்குக் கிடைத்தது. அரண்மனைக்குப் பின்னால் இருக்கிற யூதர் தெருவில் ஜெபாலயம் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது, தெருவுக்குப் பேர் கொடுத்தவர்கள் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிளகு மூட்டைகள் இருந்த கிடங்குகளில் இப்போது பழைய மரச்சாமான் விற்கிறார்கள். சுக்கு வாசனை மட்டும் சுவரை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இந்த ஊருக்கு எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சுக்காரர்கள், ராவுத்தர்கள். பேச்சியம்மாளின் கணவர் தங்கப்பனின் தாத்தாவும் அப்படித்தான் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தார். மட்டாஞ்சேரி தனி முனிசிபாலிட்டியாக இருந்த காலத்தில் தெரு சுத்தம் செய்யத் தமிழர்களைத் தேடி அழைத்து வந்தார்கள். தாத்தா, அப்பா, பிறகு தங்கப்பன் என்று மூன்று தலைமுறை இந்தத் தெருக்களைப் பெருக்கியது. தங்கப்பன் ஓய்வு பெறுவதற்குள் முனிசிபாலிட்டி கார்ப்பரேஷனாகி, கை வண்டி லாரியாகி விட்டது.

பேச்சியம்மாளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்த புதிதில் தங்கப்பனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியின் பூக்கடைக்கு வருவார். கூடையில் இருப்பதிலேயே நெருக்கமாகக் கட்டிய முழத்தை எடுத்து, தெருவில் நாலு பேர் பார்க்க, அவள் பின்னலில் தன் கையாலேயே வைத்து விடுவார். "கள்ளன். கடைச் சரக்கை எடுத்துக் கடைக்காரிக்கே கொடுக்கான்" என்று அடுத்த கடை ஜலீலாவின் உம்மா சிரிப்பாள். தங்கப்பன் அதிகம் பேசாதவர். பிரியமோ கோபமோ, அவருக்குக் கையால் காட்டத்தான் தெரியும்.

சுமா பிறந்தாள். ஒரே மகள். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே தங்கப்பன் தன் அக்காவிடம் வாக்குக் கொடுத்தார்: இவள் உன் மகன் முத்துவேலுக்குத்தான். மலையாளத்து அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இந்தக் காலத்திலும் தொட்டிலில் கல்யாணம் பேசுவார்களா என்றார்கள். தங்கப்பன் சிரிக்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு மிச்சமிருந்தது அந்த முறை ஒன்றுதான் என்று அவர் நினைத்தார்.

சுமா நர்ஸ் படிப்புக்குத் திருவனந்தபுரம் போனாள். படிப்பு முடிந்தது, அங்கேயே வேலை கிடைத்தது. ஒரு நாள் ஜலீலாவின் போனில் கூப்பிட்டு, சங்குமுகம் பக்கத்துப் பையன் ஜிதினை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டதாக அழுதுகொண்டே சொன்னாள். நல்லவன், வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான், அப்பா சம்மதிக்க மாட்டார் என்பதால் சொல்லவில்லை என்றாள்.

தங்கப்பன் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

"என் வாசப்படியை அவ ஏறக் கூடாது. ஏறினா, நான் இறங்கிப் போயிருவேன்" என்றார்.

அன்று சாயங்காலம் எப்போதும் போல அவர் பூக்கடைக்கு வந்து, ஒரு முழத்தை எடுத்துக்கொண்டு மனைவியின் பின்னால் வந்து நின்றார். பேச்சியம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அரண்மனையைச் சுற்றிக் காட்டும் கைடு ரமேஷ்பாபு அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, பூக்கடைக் குடை நிழலை ஒட்டி நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். தினமும் சொல்கிற கதை. கொச்சி ராஜாக்களின் பூர்வீகம் வடக்கே வன்னேரி. பட்டம் ஏற்க வேண்டிய இடம் அதுதான். அதைக் கோழிக்கோட்டு சாமூதிரி பிடித்துக்கொண்டார். வன்னேரி திரும்பக் கிடைக்கிற வரைக்கும் தலையில் கிரீடம் வைப்பதில்லை என்று இவர்கள் சபதம் செய்தார்கள். போர்ச்சுக்கீசிய ராஜா தங்கக் கிரீடமே அனுப்பியும், பட்டம் ஏற்கிற நாளில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். இப்படித்தான் சொல்லிக் கேள்வி என்று முடிப்பான்.

யாரோ ஒரு பெண், வன்னேரி கடைசியில் கிடைத்ததா என்று கேட்டாள்.

"இல்ல மேடம். கிரீடம் தலைக்கு ஏறவே இல்ல" என்றான் ரமேஷ்பாபு.

ஆயிரம் தடவை காதில் விழுந்த கதை. அன்றைக்குத்தான் அது பேச்சியம்மாளுக்குள் இறங்கியது. கணவர் கையிலிருந்த பூவை வாங்கினாள். சுருட்டினாள். மடியில் வைத்தாள்.

"எம் மக நம்ம வீட்டுப்படி ஏறி, அவ கையால வைக்கணும். அது வரைக்கும் இது மடியிலதான் இருக்கும். உங்க சொல்லு உங்களுக்கு. எஞ் சொல்லு எனக்கு."

தங்கப்பன் வெறுங்கையோடு நின்றார். சுமங்கலி பூ வைக்காமல் இருந்தால் அது யாரைக் குத்தும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் சோறு வைத்தாள், அவர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், காய்ச்சல் வந்தால் ஒருவர் கஞ்சியை மற்றவர் ஆற்றினார். ஆனால் சாயங்காலத்தில் அந்தக் கை பின்னலுக்கு வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் பூக்கடைப் பக்கமாக நடந்து போவார், நிற்காமல் போவார். அவர் முதுகு தெருமுனை திரும்பும் வரை பேச்சியம்மாள் பார்ப்பாள். பிறகு நாரை நனைத்து அடுத்த பூவைக் கோப்பாள்.

தங்கப்பனின் கோபம் முழுக்கத் திருவனந்தபுரத்தின் மேல் திரும்பியிருந்தது. சாயாக்கடையில் யாராவது அந்த ஊர்ப் பேரை எடுத்தால் போதும். "அந்த ஊரு எல்லாத்தையும் கொண்டு போகும். நம்ம ராஜ்யத்தைக் கொண்டு போச்சு. மந்திரியைக் கொண்டு போச்சு. எம் மகளையும் கொண்டு போச்சு" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுச் சாயாவை ஆற விட்டுவிடுவார்.

சுமா மாதத்துக்குச் சில தடவை ஜலீலாவின் போனில் அம்மாவைக் கூப்பிடுவாள். வீடியோவில் முகத்தைப் பார்ப்பார்கள். என்ன சமைத்தாய், மழை உண்டா என்று பேசுவார்கள். ஒரு தடவை சுமா, அம்மா நீ ஒரு நாள் ரயிலேறி வந்துவிட்டுப் போயேன் என்று கெஞ்சினாள். பேச்சியம்மாளுக்கு அந்தக் கணமே ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் மாட்டேன் என்றாள். போனை வைத்ததும் ஜலீலா சண்டைக்கு வந்தாள்.

"பேச்சியக்கா, பெத்த மகளைப் பார்க்கப் போறதுக்கு என்ன வீம்பு? நானாயிருந்தா அடுத்த வண்டியில இருப்பேன்."

"நான் போய்ப் பார்த்தா அது விருந்து, ஜலீலா. ரெண்டு நாள் தின்னுட்டு வரலாம். அவருக்கும் அது சௌரியமாப் போயிரும். அவ இங்க வந்து ஏறணும். அவ பொறந்த வீடு இது."

ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவளுக்கு அந்த நம்பிக்கை. ஒரு டிசம்பரில், யூதர் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி மெதுவாக நடந்து வந்து கடை முன்னால் நின்றாள். சுத்தமான மலையாளத்தில் முல்லைப்பூ என்ன விலை என்று கேட்டாள். சின்ன வயசில் இந்தத் தெருவில் வளர்ந்தவளாம். இஸ்ரேலிலிருந்து பிறந்த வீட்டைப் பார்க்க வந்தாளாம். வீடு இப்போது கைவினைக் கடை. கதவு நிலையை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிட்டாளாம். தலையில் வைத்து விடு என்று திரும்பி உட்கார்ந்தாள். ஆண்பிள்ளைபோலக் கத்தரித்த வெள்ளை முடி. இதில் பூ எப்படி நிற்கும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் ஒரு கொண்டை ஊசியை வளைத்து, விரற்கடை முடியில் அந்தப் பூவை அசையாமல் நிறுத்திவிட்டாள். கிழவி கண்ணாடியில் பார்த்து, அழுதாள். அவள் போன பின் பேச்சியம்மாள் ஜலீலாவிடம் சொன்னாள்: "கடல் தாண்டிப் போனவளே வந்துட்டா. இவ ரயில்ல ஏறினா வந்திரலாம்."

ஆனால் தங்கப்பன் அசையவில்லை.

முதன்முதலாக அவர் ஆடிப்போனது பக்கத்துச் சுள்ளிக்கல்லில் நடந்த ஒரு கல்யாணத்தில். கார்ப்பரேஷனில் கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, அவளைத் தெரியாத ஒரு இளம் பெண் குங்குமமும் பூவும் வைத்த தட்டை நீட்டிக்கொண்டே பின்பக்கமாக வந்தாள். பேச்சியம்மாளின் பூவில்லாத பின்னலைப் பார்த்தாள். தட்டைச் சட்டென்று உயர்த்தி, அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீட்டிவிட்டாள். விதவை என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பதறி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, முகத்தைப் பார், குங்குமத்தைப் பார் என்றார்கள். அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். பேச்சியம்மாள்தான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, தட்டிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து தங்கப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு நின்ற பழைய சிநேகிதர் சேவியர் கேலியாகத்தான் கேட்டார்: "தங்கப்பா, நீ செத்துப்போன விவரம் எனக்குச் சொல்லலியே?"

தங்கப்பன் பந்தியில் உட்காரவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நான் உசுரோட இருக்கேன் பேச்சி" என்றார். "எம் மகளும் உசுரோடதான் இருக்கா" என்றாள் அவள். இருவரும் உள்ளே போய் விளக்கைப் போட்டார்கள். அவ்வளவுதான். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போவதற்கு எத்தனை குடும்பங்கள் சாட்சி.

போன வருஷம் மழைக்காலத்தில் பேச்சியம்மாளின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புற்று, ஆனால் ஆரம்பம்தான், குணப்படுத்தலாம், மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். தங்கப்பன் ஒவ்வொரு தடவையும் கூடவே போனார். அவள் கையில் ஊசி ஏறும்போது மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகளிடம் சொல்லக் கூடாது என்று பேச்சியம்மாள் ஜலீலாவிடம் சத்தியம் வாங்கினாள். வியாதிக்காக வந்தாள் என்று ஆகிவிடக் கூடாது. அப்பா கூப்பிட்டு வந்தாள் என்றுதான் ஆக வேண்டும்.

முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், கட்டிக்கொண்டிருக்கும் பூவோடு பூவாக நாரில். ஒரு காலையில் அவள் தலை வாரப் போக, பின்னலில் பாதி கையோடு வந்துவிட்டது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பூக்கூடையை இழுத்தாள். சில நாட்களில் தலை முழுவதும் மொட்டையாயிற்று. ஜலீலா ஒரு மெல்லிய துணி கொண்டுவந்து கட்டி விட்டாள். சுமா கூப்பிட்டால், வீடியோ வேண்டாம், சிக்னல் இல்லை என்று குரலை மட்டும் கொடுத்தாள்.

தங்கப்பன் அந்தப் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். என்றைக்காவது தன் மனசு இளகும். அன்றைக்கு மகள் வருவாள், பூ ஏறும். கூந்தல் எங்கே போகப் போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. இப்போது பூ இருக்கிறது, மகள் இருக்கிறாள், அவர் மனசும் இருக்கிறது. வைக்கிற இடம் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார்.

"எங்க?" என்றாள் பேச்சியம்மாள்.

"தலைநகரத்துக்கு" என்றார் தங்கப்பன்.

தன் வாழ்நாளில் அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. ரயிலை விட்டு இறங்கி, தம்பானூரில் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்துச் சங்குமுகம் போனார். வழியில் வெள்ளை நிறத்தில் தலைமைச் செயலகம் தெரிந்தது. அதற்கு முன்னால் பந்தல் போட்டு யாரோ கோரிக்கை அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கேரளம் முழுவதிலும் இருந்து மனுக் கொடுக்க ஆட்கள் வருகிற ஊர். தானும் அப்படி ஒருத்தன்தான் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த ஊர் ஒன்றும் அவரைக் கவனிக்கவில்லை. மேடு பள்ளமான தெருக்கள், மரங்கள், முடிவில் கடல். மட்டாஞ்சேரியில் காயல் கைக்கெட்டும் தூரத்தில் அடங்கிக் கிடக்கும். இங்கே கடல் யாருக்கும் அடங்காமல் கரையில் விழுந்துகொண்டிருந்தது.

சுமா வீட்டு வாசலுக்கு வெளியே நின்றார். துணி காயப்போட வந்தவள் பார்த்தாள். கையிலிருந்த ஈரச் சேலை கீழே விழுந்தது. உள்ளே வாங்க என்று அழைக்க அவளுக்கு நா எழவில்லை. உள்ளே போக அவருக்குக் கால் எழவில்லை. ரயில் தாமதம் என்றார். கூட்டம் என்றார். அவள் விழுந்த சேலையைக் குனிந்து எடுத்தாள்.

"உங்கம்மாவுக்குப் பூ வைக்கணும் மோளே. நீ வரணும்."

"வர வேண்டாம்னு சொன்னது அம்மா இல்லையே, அப்பா."

"இல்ல. நாந்தான் சொன்னேன். அதான் நானே வந்திருக்கேன்."

சுமா முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜிதின் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தான். மாமனாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "சாயா குடிக்காம்" என்று மலையாளத்தில் டீ குடிக்க அழைத்தான். தங்கப்பன் குடித்தார். அந்த வீட்டில் அவர் குடித்த முதல் சாயா. பேச்சியம்மாளின் தலையைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. சொல்ல மூன்று தடவை வாயெடுத்து, மூன்று தடவையும் சர்க்கரை கூடவா குறைச்சலா என்று பேசினார்.

கிளம்பும்போது சுமா சாலை என்கிற பழைய கடைத்தெருவில் இறங்கி, தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூ வாங்கினாள். பூக்காரி மகளுக்குப் பூ எதற்கு, நம் வீட்டில் பூவுக்கா பஞ்சம் என்றார் தங்கப்பன். இது என் கையால் வாங்கியதாக இருக்கட்டும் என்றாள் அவள். வாழையிலையில் சுருட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எறணாகுளத்தில் பஸ் வேண்டாம், படகில் போகலாம் என்று தங்கப்பன்தான் சொன்னார். ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ படகு ஏறினார்கள். "ராஜ்யத்தை எடுத்துக்கிட்டு, கோர்ட்டை மட்டும் நமக்கு விட்டுட்டாங்க" என்று பழைய வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தார். சுமா சிரித்தாள். சின்ன வயசில் சிரித்த அதே சிரிப்பு. படகு திரும்ப, மட்டாஞ்சேரிக் கரை தெரிந்தது. கறுத்த ஓட்டுக் கூரைகள், தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கும் பழைய கிடங்குகள். சுமா எழுந்து கண்ணாடி அருகே போய் நின்றாள். சுக்கு வாசனை வரத் தொடங்கியபோது அழுதாள்.

"உங்கம்மா முன்ன மாதிரி இல்ல" என்றார் தங்கப்பன், தண்ணீரைப் பார்த்தபடி.

"யாருதான் இருக்கோம்" என்றாள் சுமா. அவளுக்குப் புரியவில்லை.

வாசற்படிக்குக் கீழே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அப்பா போட்ட கோடு அங்கேதான் இருந்தது. தங்கப்பன் முதலில் ஏறினார். திரும்பி நின்று கையை நீட்டினார். அதிகம் பேசாத மனிதர், அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தெரு கேட்கச் சொன்னார்.

"ஏறி வா."

உள்ளே பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜலீலா பக்கத்தில் இருந்தாள். வாசலில் குரல் கேட்டதும் பேச்சியம்மாளின் கை நின்றது. எழுந்திருக்கப் பார்த்தாள், உடம்பு ஒத்துழைக்கவில்லை. சுமா ஓடி வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சுமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழையிலையைப் பிரித்து, பூவை எடுத்து, அம்மா திரும்பு என்றாள்.

பேச்சியம்மாள் திரும்பவில்லை. தலைத்துணியை மெல்ல அவிழ்த்தாள்.

சுமா நர்ஸ். அவள் எத்தனையோ மொட்டைத் தலைகளைத் துடைத்திருக்கிறாள். என்ன வியாதி, என்ன மருந்து என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கையில் இருந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியைத் திரும்பக் கட்டி அதில் பூவைக் குத்தி விடலாம் என்றாள் ஜலீலா. பேச்சியம்மாள் வேண்டாம் என்று கையசைத்தாள். மகளின் கையைப் பிடித்து, பூவோடு இழுத்து, தன் மடியில் வைத்தாள்.

"ராஜாவுக்கே மடியிலதான். எனக்கென்ன குறைச்சல்" என்றாள். பிறகு மகளின் முகத்தை நிமிர்த்தினாள். "ஆனா சபதம் முடியல, பார்த்துக்க. தலையில ஏறணும்னுதான் சொல்லியிருக்கேன். முடி வளர்ற வரைக்கும் நீ வரணும். வந்து வந்து மடியில வச்சிட்டுப் போ."

சுமா வந்தாள். லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் வந்தாள். சில சமயம் ஜிதினும் வந்தான். தங்கப்பனோடு சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்தான். மருந்து முடிந்தது. டாக்டர் நல்ல செய்தி சொன்னார். பேச்சியம்மாள் மறுபடியும் அரண்மனை மதிலுக்குக் குடையோடு வந்தாள். அவள் தலையில் பூனைக்குட்டி மேனி போல மெல்லிய முடி முளைத்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கொஞ்சம் கறுப்பு. இன்று அது விரற்கடை நீளம் தாண்டி, காதோரத்தில் சுருண்டு விழுகிறது.

போன ஞாயிறு சுமா வந்தபோது தங்கப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடை அருகில் நின்றார். பூக்கூடையைப் பார்த்தார், மனைவியின் தலையைப் பார்த்தார். ஒரு கொண்டை ஊசி இருந்தால் போதும் என்று ஜலீலா சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கிழவியின் கத்தரித்த முடியில் பூ நின்றதை அவளும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே.

பேச்சியம்மாள் அவசரமாகத் தலையைத் தடவிக்கொண்டாள்.

"இன்னும் நிக்காது" என்றாள். குரலில் ஒரு சின்னப் பயம் இருந்தது.

சுமா அம்மாவின் முடியை விரலால் கோதிப் பார்த்தாள். அதன் நீளம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பூவைச் சுருட்டி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. நிக்காது. அடுத்த தடவை வந்து பார்க்கேன்."

நிற்காமல் நடந்து போகிற தங்கப்பன், அன்றைக்குக் குடை நிழலில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் வலது கை மட்டும், இடம் தெரியாமல், முழங்கால் மேல் திறந்தபடி கிடந்தது.